பெயர் எழுதாத காகிதம்

1760 அக்டோபர் 25, சனிக்கிழமை காலை. லண்டன் கென்சிங்டன் அரண்மனையில் மன்னர் இரண்டாம் ஜார்ஜ் வழக்கம்போல ஆறு மணிக்கு எழுந்தார். ஒரு கோப்பை சூடான சாக்லேட் குடித்தார். கழிப்பறைக்குள் போனார். சற்று நேரத்தில் உள்ளே ஏதோ விழும் சத்தம் கேட்டது. ஓடிப் போன பணியாள் கண்டது தரையில் கிடந்த மன்னரை. வயது 76. முப்பத்து மூன்று ஆண்டு ஆட்சி அந்தச் சிறிய அறையில் முடிந்தது. லண்டன் புது மன்னருக்குத் தயாரானது. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், பாஸ்டன் துறைமுகத்தின் சுங்க அதிகாரிகள் சட்டைப் பையில் வைத்திருந்த ஒரு காகிதமும் அன்றே சாகத் தொடங்கிவிட்டது யாருக்கும் உறைக்கவில்லை.

'ரிட் ஆஃப் அசிஸ்டன்ஸ்' என்று அதற்குப் பெயர். அதை வைத்திருக்கும் சுங்க அதிகாரி பகல் நேரத்தில் எந்த வீட்டுக்குள்ளும், எந்தக் கடைக்குள்ளும், எந்தக் கிடங்குக்குள்ளும் நுழையலாம். கதவு திறக்காவிட்டால் உடைக்கலாம். பெட்டி பூட்டியிருந்தால் அதையும் உடைக்கலாம். ஊர்க் காவலரும் அக்கம்பக்கத்தாரும் கூடமாட உதவியாக வேண்டும். யாருடைய வீடு, எந்தப் பொருளைத் தேடுகிறார், ஏன் சந்தேகம் என்று எதுவும் அந்தக் காகிதத்தில் இருக்காது. மாஜிஸ்திரேட் முன்னால் போய்ச் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. காரியம் முடிந்ததும் கணக்கு ஒப்படைக்க வேண்டியதில்லை. ஒரே காகிதம், ஆயிரம் கதவு. பகலில் மட்டும் என்பதைத் தவிர, அதற்கு இருந்தது ஒரே ஒரு கட்டுப்பாடுதான். எந்த மன்னர் பெயரால் கொடுக்கப்பட்டதோ அவர் இறந்து ஆறு மாதத்தில் அது செல்லாக்காசாகிவிடும்.

இந்தக் காகிதத்துக்கு வேலை கொடுத்தது கரும்புப் பாகு. பாஸ்டனில் ரம் வடிக்க அது வேண்டும். பிரெஞ்சுத் தீவுகளில் அது மலிவு. 1733-இல் லண்டன் போட்ட சட்டப்படி, அந்நியப் பாகுக்குக் கேலனுக்கு ஆறு பென்ஸ் வரி. அதைக் கட்டினால் வியாபாரமே இல்லை. எனவே கடத்தினார்கள், அதிகாரிகளும் ஏதோ வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள். பிரான்ஸோடு போர் மூண்டதும் லண்டனுக்குக் கோபம் வந்தது. எதிரியிடமே சரக்கு வாங்குகிறார்களா? சோதனைகள் முடுக்கிவிடப்பட்டன. அப்போதுதான் வேர் என்ற சுங்க அதிகாரியின் கதை பாஸ்டனில் உலாவத் தொடங்கியது.

வேருக்கு முன்னால் அந்தப் பதவியில் இருந்தவர் பியூ. பதவி மாறியபோது பியூ தன் காகிதத்தின் பின்னால் கையெழுத்திட்டு வேரிடம் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்குள் நுழையும் அதிகாரம் செக்கைப் போலக் கைமாறியது. ஒருநாள் ஓய்வுநாள் விதியை மீறியதாகவோ கெட்ட வார்த்தை பேசியதாகவோ நீதிபதி வாலி இந்த வேரை அழைத்து விசாரித்தார். விசாரணை முடியும்வரை வேர் பொறுமையாக நின்றார். முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடிந்தது என்றதும், இனி என் அதிகாரத்தைக் கொஞ்சம் காட்டுகிறேன் என்று அந்தக் காகிதத்தை எடுத்தார். நீதிபதியின் வீட்டைப் பரண் முதல் நிலவறை வரை புரட்டிப் போட்டார். தன்னை அழைத்து வந்த காவலர் வீட்டிலும் அதே சோதனை. இரண்டு பேரும் எந்தக் கடத்தலிலும் சம்பந்தப்பட்டவர்களாகச் சந்தேகிக்கப்படவில்லை. ஆனால், இந்தக் கதையை ஊர்வம்பாக விட்டுவிடாமல் நீதிமன்றத்திலேயே எடுத்துச் சொல்ல ஒருவர் தயாராகிக்கொண்டிருந்தார்.

மன்னர் இறந்த செய்தி டிசம்பர் கடைசியில் கப்பலேறி பாஸ்டன் வந்து சேர்ந்தது. காகிதங்களைப் புதுப்பிக்க வேண்டும். அறுபத்து மூன்று வணிகர்கள் எதிர்மனு போட்டார்கள். சுங்கத் துறைக்காக வாதாட வேண்டிய அரசு வழக்கறிஞர் ஜேம்ஸ் ஓட்டிஸ். அவர் பதவியை உதறினார். வணிகர்கள் பக்கம் போய் நின்றார், அதுவும் கட்டணமே வாங்காமல். இதற்குள் இன்னொரு திருப்பமும் இருந்தது. மாசசூசெட்ஸ் தலைமை நீதிபதி ஸ்டீவன் சீவெல் சில மாதங்களுக்கு முன் இறந்திருந்தார். இந்தக் காகிதங்கள் சட்டப்படி செல்லுமா என்று சந்தேகப்பட்டவர் அவர். காலியான நாற்காலியை ஓட்டிஸின் தந்தை எதிர்பார்த்திருந்தார். கிடைத்தது தாமஸ் ஹட்சின்சனுக்கு. வழக்கு வந்ததும் அதே ஹட்சின்சன் முன்னால்தான்.

1761 பிப்ரவரி. பாஸ்டன் நகர மண்டபத்தின் ஆலோசனை அறை. கணப்படுப்பைச் சுற்றி, புத்தம் புதிய சிவப்பு அங்கிகளில் ஐந்து நீதிபதிகள். எதிர்த் தரப்பில் வாதாட வந்த ஜெரமையா கிரிட்லி, ஓட்டிஸுக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்த குரு. ஓட்டிஸ் எழுந்து மணிக்கணக்கில் பேசினார். ஒருவன் தன் வீட்டில் அமைதியாக இருக்கும்வரை அது அவனுக்குக் கோட்டை. இந்தக் காகிதம் அந்த உரிமையையே அழிக்கிறது என்றார். வேரின் கதையைச் சொன்னார். சோதனையே கூடாது என்று அவர் வாதாடவில்லை. குறிப்பிட்ட வீடு, குறிப்பிட்ட சந்தேகம், சத்தியப் பிரமாணம் இவை இருந்தால் மட்டும் அனுமதி கொடுங்கள் என்றார். நாடாளுமன்றச் சட்டமே ஆனாலும் அடிப்படை நியதிக்கு முரணாக இருந்தால் அது செல்லாது என்றும் சொன்னார். அறையில் மேசையருகே குட்டையான, பருத்த உடம்புக்கார இளம் வழக்கறிஞர் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். வயது 25. பெயர் ஜான் ஆடம்ஸ். பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஆனவர். அமெரிக்க விடுதலை என்ற குழந்தை அந்த அறையில்தான் பிறந்தது என்று கிழவயதில் நினைவுகூர்ந்தார்.

ஆனால் அன்று ஓட்டிஸ் ஜெயிக்கவில்லை. நீதிபதிகள் தடுமாறினார்கள். ஹட்சின்சன் அவர்களைச் சமாதானப்படுத்தி, லண்டன் நடைமுறையைக் கேட்டு எழுதினார். லண்டனில் இத்தகைய காகிதங்கள் தாராளமாகக் கொடுக்கப்படுகின்றன என்று பதில் வந்தது. நவம்பரில் மறுபடி வாதம், மறுபடி தோல்வி. புது மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரால் புதுக் காகிதங்கள் வழங்கப்பட்டன. கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டியது. லண்டனில் ஓர் அமைச்சரின் அலுவலகம் ஒரே ஒரு பெயரை எழுதத் தவறியதால் அது முடியவில்லை.

அந்த அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபு. 1762 நவம்பர் 11 அன்று அவருடைய ஆட்கள் நான்கு பேர், ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டுக்குள் நுழைந்தார்கள். அரசை விமர்சிக்கும் 'மானிட்டர்' என்ற பத்திரிகையில் எழுதுபவர் அவர். நான்கு மணி நேரம் ஒவ்வோர் அறையாக, ஒவ்வொரு மேசை இழுப்பறையாகத் திறந்து, இருந்த தாள்களை எல்லாம் படித்து, மூட்டை கட்டி எடுத்துப் போனார்கள். கையில் இருந்த ஆணையில் என்டிக்கின் பெயர் இருந்தது. எந்தத் தாளை எடுக்கலாம் என்பது மட்டும் இல்லை. என்டிக் அப்போது நீதிமன்றம் ஏறவில்லை. அமைச்சரின் கையெழுத்தை எதிர்த்து யார் வழக்குப் போடுவது? ஐந்து மாதம் கழித்து அந்தக் கேள்விக்கு ஒருவர் விடை சொன்னார்.

ஜான் வில்க்ஸ். மாறுகண், கோணல் தாடை, கூர்மையான நாக்கு, தலைக்கு மேல் கடன், பெண்கள் விஷயத்தில் மோசமான பெயர். எய்ல்ஸ்பரி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். யோக்கியர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. ஆனாலும், அரசின் கை எதுவரை நீளலாம் என்ற கேள்வி நல்லவர்களின் வழக்கில் மட்டுமே வருவதில்லை. யாருக்கும் பிடிக்காத ஒருவருக்குக் கிடைக்கிற பாதுகாப்புதான் கடைசியில் எல்லோருக்கும் வந்து சேர்கிறது. 1763 ஏப்ரல் 23 அன்று வெளிவந்த தன் 'நார்த் பிரிட்டன்' பத்திரிகையின் 45-ஆம் இதழில், பிரான்ஸோடு செய்த சமாதானத்தைப் பாராட்டிய மன்னர் உரையை வில்க்ஸ் கிழித்துத் தொங்கவிட்டார். கட்டுரையில் ஆசிரியர் பெயர் இல்லை. ஹாலிஃபாக்ஸ் ஆணை பிறப்பித்தார். இந்த இதழை எழுதியவர்கள், அச்சிட்டவர்கள், வெளியிட்டவர்கள் எல்லோரையும் தேடிப் பிடித்து, தாள்களோடு கொண்டுவர வேண்டும். யார் அவர்கள்? அதைக் கண்டுபிடிப்பது ஆணையை எடுத்துப் போகிறவர்களின் பொறுப்பு.

சில நாட்களில் 49 பேர் பிடிபட்டார்கள். டிரைடன் லீச் என்ற அச்சகக்காரரை நள்ளிரவில் படுக்கையிலிருந்து இழுத்து வந்தார்கள். அவருடைய தொழிலாளர்களும் உள்ளே போனார்கள். பிறகுதான் தெரிந்தது, 45-ஆம் இதழை அச்சிட்டது லீச் அல்ல. அதன் பிறகு உண்மையான பதிப்பாளர் சிக்கினார். ஆசிரியர் வில்க்ஸ் என்று சொல்லிவிட்டார். பெயர் கிடைத்துவிட்டது. பேனாவை எடுத்துப் புது ஆணையில் 'ஜான் வில்க்ஸ்' என்று எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. பழைய காகிதத்தையே எடுத்துக்கொண்டு ஏப்ரல் 30 அன்று அவர் வாசலுக்குப் போனார்கள்.

வில்க்ஸ் காகிதத்தை வாங்கிப் படித்தார். இதில் என் பெயர் எங்கே என்றார். பெயரே இல்லாத ஆணையை என்னிடம் காட்டுகிறவர்கள், பக்கத்து வீட்டுப் பிரபுவிடம் ஏன் காட்டவில்லை, தலைமை அமைச்சராக இருந்த ப்யூட் பிரபுவிடம் ஏன் காட்டவில்லை என்றார். இது ஆங்கில தேசம் முழுவதற்கும் எதிரான ஆணை என்றார். வாக்குவாதம் நடக்கும்போதே கதவைத் திறந்துகொண்டு கவிஞர் சார்லஸ் சர்ச்சில் உள்ளே வந்தார். பத்திரிகையில் வில்க்ஸின் கூட்டாளி. அவரையும் பிடிக்கச் சொல்லி வாய்மொழி உத்தரவு இருந்தது. வில்க்ஸ் சட்டென்று அவரை 'தாம்சன்' என்று கூப்பிட்டு, மனைவி எப்படி இருக்கிறார், இன்று ஊருக்கு வெளியே விருந்து சாப்பிடப் போகிறாரா என்று விசாரித்தார். சர்ச்சிலுக்குப் புரிந்துவிட்டது. மனைவி காத்திருப்பதாகச் சொல்லி, சும்மா எட்டிப் பார்க்க வந்தவரைப்போல நழுவினார். நேரே வீட்டுக்குப் போய்த் தன் தாள்களைப் பத்திரப்படுத்திவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். யாரைத் தேடுகிறோம் என்று எழுதி வைத்துக்கொள்ளாதவர்களுக்கு, தேடிய ஆள் எதிரே நின்றும் அடையாளம் தெரியவில்லை.

வில்க்ஸை லண்டன் கோட்டைச் சிறைக்கு அனுப்பினார்கள். துணைச் செயலர் ராபர்ட் வுட் மேற்பார்வையில் வீடு சோதனை போடப்பட்டது. பூட்டுக்காரரை வரவழைத்து இழுப்பறைகளைத் திறந்தார்கள். கடிதங்கள், சட்டைப்பை நோட்டு, உயில் என்று கைக்குக் கிடைத்த தாள்களை எல்லாம் சாக்கில் கொட்டிக் கட்டினார்கள். ஒரு வாரத்துக்குள், நாடாளுமன்ற உறுப்பினருக்கு உள்ள சிறப்புரிமையைக் காரணம் காட்டித் தலைமை நீதிபதி சார்லஸ் பிராட் அவரை விடுவித்தார். வெளியே திரண்டிருந்த கூட்டம் வில்க்ஸுக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே மூச்சில் ஜே போட்டது. எல்லோரும் வில்க்ஸின் அடுத்த அடியை எதிர்பார்த்திருக்க, முதல் அடி விழுந்தது யாருமே எதிர்பாராத கையிலிருந்து.

லீச்சின் அச்சகத்தில் வாரம் ஒரு கினி சம்பளத்துக்கு வேலை பார்த்த ஹக்கிள் என்ற தொழிலாளி வழக்குப் போட்டார். அரசுத் தரப்பு அலட்டிக்கொள்ளவில்லை. அவரை வைத்திருந்தது ஏறத்தாழ ஆறு மணி நேரம்தான். அடிக்கவில்லை. மாட்டிறைச்சியும் பீரும் கொடுத்து உபசரித்திருந்தார்கள். என்ன பெரிய நஷ்டம் இருக்க முடியும்? ஜூரிகள் கூடிப் பேசிவிட்டு வந்து தொகையைச் சொன்னார்கள். 300 பவுண்டு. அந்தத் தொழிலாளியின் ஐந்து ஆண்டுச் சம்பளத்துக்கும் மேல். தொகை மிக அதிகம், மறு விசாரணை வேண்டும் என்று அரசு மன்றாடியது. பிராட் மறுத்தார். உடம்புக்கு நேர்ந்த கஷ்டத்துக்கு இருபது பவுண்டு போதுமாக இருக்கலாம்; ஜூரிகள் விலை போட்டது அதற்கல்ல, எளிய மனிதன்மேல் பெயரில்லாத ஆணையைப் பிரயோகித்த அதிகாரத்துக்கு என்றார். அரசு உபசரித்த பீருக்கு இப்படி ஒரு பில் வரும் என்று ஹாலிஃபாக்ஸ் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். அடுத்தடுத்து வழக்குகள். டிசம்பரில் வுட் மீது போட்ட வழக்கில் வில்க்ஸுக்கு 1,000 பவுண்டு. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என்டிக்குக்கும் தைரியம் வந்தது.

என்டிக்கின் வழக்குதான் கடினமானது. அவருடைய ஆணையில்தான் பெயர் இருந்ததே! 1765-இல் தீர்ப்பு சொல்லும்போது பிராட், கேம்டன் பிரபு ஆகியிருந்தார். அரசுத் தரப்பு மூன்று சமாதானங்கள் சொன்னது. இது நெடுங்கால வழக்கம். இதுவரை யாரும் ஆட்சேபித்ததில்லை. நாட்டின் பாதுகாப்புக்கு இது அவசியம். கேம்டன் ஒவ்வொன்றாக உரித்தார். அமைச்சருக்கு அப்படியோர் அதிகாரம் இருந்தால் அது சட்டப் புத்தகத்தில் இருக்க வேண்டும், புத்தகத்தில் இல்லையென்றால் அது சட்டமே இல்லை. பலகாலம் செய்த தவறு சட்டமாகிவிடாது. அவசியம் என்று அரசு சொல்வதாலேயே ஒன்று சட்டமாகிவிடாது. ஒருவனுடைய தாள்கள் அவனுடைய மிக அருமையான சொத்து. அவற்றை அள்ளிக்கொண்டு போய் அதில் குற்றம் இருக்கிறதா என்று பிறகு தேடுவதைச் சட்டம் ஏற்காது. என்டிக்குக்கு ஜூரிகள் கொடுத்த 300 பவுண்டு உறுதியானது. குடிமகன் எதையும் செய்யலாம், சட்டம் தடுத்ததைத் தவிர. அரசு எதையும் செய்யக் கூடாது, சட்டம் அனுமதித்ததைத் தவிர என்ற நிலை இந்தத் தீர்ப்பிலிருந்துதான் வலுப்பெற்றது. லண்டனில் அமைச்சரின் பொது ஆணை செத்தது. பாஸ்டனில்?

அங்கே 1767-இல் லண்டன் நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டு ரிட் ஆஃப் அசிஸ்டன்ஸுக்கு உயிர் கொடுத்தது.  பல காலனி நீதிமன்றங்கள் எழுதிக் கொடுக்க மறுத்தன. 1776-இல் வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனம் பெயரில்லாத ஆணைகளைக் கண்டித்தது. 1780-இல் மாசசூசெட்ஸ் தன் அரசியல் சாசனத்தை எழுதியது. வரைந்தவர், பத்தொன்பது ஆண்டுக்கு முன் மேசையருகே உட்கார்ந்து குறிப்பெடுத்த அதே ஜான் ஆடம்ஸ். தோற்றுப்போன ஓட்டிஸின் வாதம் அதன் 14-ஆவது விதியானது. 1791-இல் அது அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காம் திருத்தமாக நாடு முழுவதற்கும் வந்தது. ஓட்டிஸ் அதைப் பார்க்கவில்லை. 1769-இல் ஒரு காப்பி விடுதியில் சுங்க அதிகாரி ஒருவரோடு மூண்ட கைகலப்பில் அவருக்குத் தலையில் பலத்த அடி. அதன் பிறகு புத்தி முழுதாகத் தெளியவில்லை. 1783 மே மாதம் ஆண்டோவர் ஊரில் ஒரு வீட்டு வாசலில் நின்றபடி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மின்னல் தாக்கி இறந்தார்.

இந்தச் சண்டைகளின் வடு அத்தனையும் ஒரு படிவத்தில் இருக்கிறது. நம் நாட்டு நீதிமன்றங்களில் கட்டுக்கட்டாகக் கிடக்கும், சோதனை நடந்த செய்தியோடு பேப்பரில் ஒரு வரியாக வந்துபோகும் சர்ச் வாரண்ட்தான் அது. அதில் கோடிட்ட இடங்கள் உண்டு. சோதனையிடும் அதிகாரியின் பெயரும் பதவியும் ஓர் இடத்தில்.  என்ன குற்றம் என்று ஓர் இடத்தில். தேடும் பொருளைத் தெளிவாகக் குறிக்க ஓர் இடம். அது என்டிக்கின் இழுப்பறை. எந்த வீடு, வீட்டின் எந்தப் பகுதி என்று ஓர் இடம். கீழே, அமைச்சரும் அல்லாத, சுங்க அதிகாரியும் அல்லாத ஒரு மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து, நீதிமன்ற முத்திரை.

ஆனால் பிரிட்டிஷ் ஆட்சி இந்தப் படிவத்தை இங்கே கொண்டுவந்தபோது, அதன் கீழே இருந்த அஸ்திவாரத்தைக் கொண்டுவரவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு பிரிவாக மட்டும் வைத்தது. அதற்குள்ளேயே, பொருளைக் குறிப்பிடாமல் பொதுச் சோதனைக்கு உத்தரவிடும் உட்பிரிவையும் வைத்தது. 1898 சட்டத்தில் 96-ஆம் பிரிவு, 1973 சட்டத்தில் 93, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் மறுபடி 96. பொதுச் சோதனை உட்பிரிவு மூன்றிலும் உயிரோடு இருக்கிறது. அஸ்திவாரம் போட ஒரு வாய்ப்பு வந்தது. 1948 டிசம்பர் 3, அரசியல் நிர்ணய சபையில் காஸி சையத் கரீமுத்தீன் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அமெரிக்க நான்காம் திருத்தத்தைப் போன்றதொரு பாதுகாப்பை அடிப்படை உரிமையாக்க வேண்டும் என்றார். இது நடைமுறைச் சட்டத்தில் ஏற்கெனவே உள்ளதுதான், ஆனாலும் சட்டமன்றம் தொட முடியாத இடத்தில் வைப்பது நல்லது என்று அம்பேத்கரே அதை ஏற்கத் தயாரானார். வாக்கெடுப்பில் குழப்பம். தள்ளி வைத்தார்கள். மறுபடி எடுத்தபோது திருத்தம் தோற்றது.

விலை உடனே தெரிந்தது. 1954-இல் எம்.பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள், அமெரிக்கர்களுக்கு உள்ளதுபோல ஓர் உரிமை நம் சாசனத்தில் இல்லை என்றார்கள். 1973-இல் பூரன்மல் வழக்கில், சட்டவிரோதமான சோதனையில் கிடைத்த சாட்சியத்தையும் நீதிமன்றம் ஏற்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஹக்கிளுக்கு ஐந்து ஆண்டுச் சம்பளம் வாங்கிக் கொடுத்த தவறு இங்கே பெரும்பாலும் தண்டனையில்லாமல் போகிறது. எம்.பி. சர்மா தீர்ப்பில் அந்தரங்க உரிமையை மறுத்த பகுதி 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகளால் தூக்கியெறியப்பட்டது. அதே 2017-இல், சில மாதங்களுக்கு முன், நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தின் 132-ஆம் பிரிவில் ஒரு விளக்கத்தைச் சேர்த்திருந்தது. அந்தப் பிரிவின் கீழ் வீடு புகுந்து சோதனையிட மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவைப்படவில்லை, துறையின் உயர் அதிகாரியே உத்தரவிட முடிந்தது. அவர் எந்தக் காரணத்தை நம்பி உத்தரவிட்டார் என்பதைச் சோதனைக்கு உள்ளானவருக்கோ, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ இனிச் சொல்லக் கூடாது என்றது புது விளக்கம். 1962-லிருந்தே அது அப்படித்தான் இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்றும் சேர்த்து எழுதினார்கள்.